பிறவிக் குறையும் சர்க்கரை உருண்டையும்



கோடம்பாக்கம் என்றதும் உங்களுக்குச் சினிமா நினைவுக்கு வரும். எனக்கோ ஒரு மரப்பெட்டி நினைவுக்கு வருகிறது. முழ நீளம், சாண் அகலம். உள்ளே அறுபது சின்னஞ்சிறு கண்ணாடிப் புட்டிகள்; ஒவ்வொன்றின் தக்கையிலும் மருந்தின் பெயரைச் சுருக்கி எழுதிய காகிதவட்டம். என் தந்தையார் கல்கத்தாவில் உத்தியோகம் பார்த்த நாளில் வாங்கி வந்த ஓமியோபதி மருந்துப் பெட்டி அது. மேம்பாலம் வருவதற்கு முன், ரயில் கேட்டு மூடிக்கிடந்தால் இந்தப் பக்கத்தார் அந்தப் பக்கம் போக முடியாது என்றிருந்த காலத்திலே, எங்கள் வீட்டுத் திண்ணையில் காலை வேளையில் நாலைந்து பேராவது உட்கார்ந்திருப்பார்கள். ஸ்டூடியோவில் விளக்குத் தூக்குகிறவர்கள், உடுப்புத் தைக்கிறவர்கள், துணை நடிகைகள். இருமல், சளி, வயிற்றுவலி. தந்தையார் ஒவ்வொருவரையும் அரைமணி நேரம் கேள்வி கேட்பார். பிறகு நாலு உருண்டையைக் காகிதத்தில் மடித்துக் கொடுப்பார். காசு வாங்கமாட்டார்.

அவர் காலமானபின் பெட்டி எனக்கு வந்தது. போரிக் எழுதிய மருந்துக் குணநூலும் வந்தது. நான் வைத்தியம் படித்தவனல்லன். கணக்கு எழுதிப் பிழைத்தவன். ஆயினும் மாலை வேளைகளில் அந்த நூலைப் படித்துப் படித்து, அக்கம்பக்கத்தாருக்கு நானும் உருண்டை கொடுக்கலானேன். அந்தப் பழக்கத்தினால் ஒரு குழந்தைக்கு நேர்ந்ததைச் சொல்லவே இன்று இங்கு வந்திருக்கிறேன்.

முதலில் இந்த முறையைக் கண்டவரைப் பற்றி இரண்டு வார்த்தை. சாமுவேல் ஹானிமன் 1755ஆம் ஆண்டில் ஜெர்மனியிலே மைசன் நகரில் பிறந்தவர். அவர் காலத்து வைத்தியர்கள் நோயாளியின் இரத்தத்தைக் கிண்ணம் கிண்ணமாக வடித்தார்கள். பாதரசத்தைக் கொடுத்து ஈறு புண்ணாக்கினார்கள். இந்தக் கொடுமையைக் காணப் பொறாதவர் ஹானிமன். 1790ஆம் ஆண்டு, மலேரியாக் காய்ச்சலைத் தீர்க்கும் சின்கோனாப் பட்டையைத் தாமே உண்டு பார்த்தார். காய்ச்சலின் குறிகளே தம் உடலில் தோன்றக் கண்டதாக எழுதினார். எது நோயின் குறியை உண்டாக்குமோ அதுவே அந்நோயைத் தீர்க்கும் என்ற முடிவுக்கு வந்தார். மருந்தை நூற்றில் ஒரு பங்காகக் கரைத்து, அதில் நூற்றில் ஒரு பங்கை எடுத்து மறுபடியும் கரைத்து, இப்படியே முப்பது முறை, இருநூறு முறை கரைத்தால் வீரியம் பெருகும் என்றும் அந்தச் சாத்திரம் கூறும். அவருடைய ‘ஆர்கனான்’ என்னும் நூல் 1810இல் வெளிவந்தது. இரத்தம் வடிக்கும் வைத்தியரிடம் போவதைவிட இவரிடம் போனவர்கள் நன்றாக இருந்தார்கள் என்பதில் வியப்பில்லை. இவர் அவர்களைத் துன்புறுத்தவில்லை, அவ்வளவுதான்.

நம் நாட்டுக்கும் இது சீக்கிரமே வந்துவிட்டது. 1839இல் ஹோனிக்பெர்கர் என்ற வைத்தியர் பஞ்சாப் மன்னர் ரஞ்சித் சிங்குக்கு இம்முறையில் மருந்து கொடுத்தார். கல்கத்தாவில் பட்டம் பெற்ற பெரிய டாக்டரான மகேந்திரலால் சர்க்கார் 1867இல் வெளிப்படையாகவே ஓமியோபதியின் பக்கம் சேர்ந்தார். அதே மகேந்திரலால்தான் 1876இல் விஞ்ஞான வளர்ச்சிக் கழகம் ஒன்றைக் கல்கத்தாவில் நிறுவினார். அந்தக் கட்டடத்தில்தான் 1928இல் நம் திருச்சிராப்பள்ளிக்காரரான சர் சி. வி. ராமன் தம் பெயர் கொண்ட ஒளிச்சிதறலைக் கண்டுபிடித்தார். உருண்டை கொடுத்தவரே, எதையும் சோதித்துப் பார்த்த பிறகு நம்பு என்று கூறும் விஞ்ஞானத்துக்கும் வீடு கட்டிக் கொடுத்திருக்கிறார். இந்த விந்தையை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வதுண்டு.

நிற்க. குழந்தையின் கதைக்கு வருகிறேன்.

1993ஆம் ஆண்டு. எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி ஓர் இளந்தம்பதியர் குடியிருந்தனர். பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்த அந்தப் பெண், நாலாம் மாதத் தொடக்கத்தில் ஆண் குழந்தையுடன் திரும்பி வந்தாள். “பிள்ளை படுத்தவே படுத்தாது சார், தூங்கிக்கொண்டே இருக்கும், பாலுக்குக்கூட நான்தான் எழுப்ப வேண்டும்” என்று பெருமையாகவே சொன்னாள். மலம் மூன்று நாளுக்கு ஒருமுறைதான் போகிறது, அதற்கு மருந்து வேண்டும் என்பதே அவள் கேட்டது.

நான் குழந்தையைப் பார்த்தேன். வெளுத்துக் கொழுகொழுவென்று இருந்தது. வயிறு பெருத்திருந்தது. உச்சிக்குழி அகலமாகத் திறந்திருந்தது. கழுத்து நிற்கவில்லை. நூலைப் புரட்டினேன். கல்கேரியா கார்ப் என்ற தலைப்பின்கீழ், வெளுத்த, கொழுத்த, தொளதொளத்த குழந்தை, மூடாத உச்சிக்குழி, பெருத்த வயிறு, மலச்சிக்கல், நடப்பதிலும் பல் முளைப்பதிலும் தாமதம் என்று என் எதிரே கிடந்த குழந்தையையே படம் பிடித்தது போல எழுதியிருந்தது. அன்று எனக்கு உண்டான மகிழ்ச்சியை இன்று நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. பூட்டுக்கு ஏற்ற சாவி கிடைத்துவிட்டது என்று எண்ணினேன். கல்கேரியா என்பது சிப்பி ஓட்டிலிருந்து செய்யும் சுண்ணாம்பு. இருநூறாம் வீரியத்தில் நாலு உருண்டை, தாய்ப்பாலில் கரைத்துக் கொடுக்கும்படி சொன்னேன். பின்னர், வளர்ச்சி தாமதித்த குழந்தைக்கென்று அதே நூல் கூறும் பாரைட்டா கார்பையும் கொடுத்துப் பார்த்தேன். இப்படியே ஆறு மாதம் சென்றது.

ஆறு மாதமும் பயனில்லாமலா கொடுத்தீர் என்று கேட்பீர்கள். அங்கேதான் சூட்சுமம் இருக்கிறது. குழந்தை ஒருநாள் சிரித்தது. உருண்டை வேலை செய்கிறது என்றேன். ஒரு வாரம் மலம் ஒழுங்காகப் போயிற்று. அதுவும் உருண்டையின் வேலை என்றேன். மறுவாரம் சிக்கல் முன்னைவிட அதிகமாயிற்று. மருந்து உள்ளே இறங்கினால் முதலில் நோய் கிளர்ந்து பிறகு அடங்கும் என்று நூலில் இருக்கிறது; ஆதலால் அதையும் நல்ல குறியாகவே கொண்டேன். எது நடந்தாலும் சரியென்று சொல்லும் சாத்திரத்தை எந்த நிகழ்ச்சி பொய்யாக்க முடியும்?

ஒன்பதாம் மாதம் தட்டம்மைத் தடுப்பூசி போடுவதற்காகக் குழந்தையை மாநகராட்சி மருந்தகத்துக்கு எடுத்துச் சென்றார்கள். ஊசி போட்ட நர்சம்மாள் குழந்தையின் நாக்கைப் பார்த்தாள். அது பருத்து வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. புடைத்த தொப்புளைப் பார்த்தாள். அழுகுரல் கரகரப்பதைக் கேட்டாள். அன்றே எழும்பூர்க் குழந்தைகள் மருத்துவமனைக்குப் போகும்படி சீட்டெழுதிக் கொடுத்துவிட்டாள். அங்கே இரத்தத்தைச் சோதித்தார்கள். முழங்காலை எக்ஸ்ரே எடுத்தார்கள். பிறக்கும்போதே தெரிய வேண்டிய எலும்பு மொட்டு அங்கே இன்னும் தோன்றியிருக்கவில்லை. குழந்தைக்குக் கழுத்திலுள்ள தைராய்டுச் சுரப்பி பிறவியிலேயே வேலை செய்யவில்லை என்று தெரிந்தது.

இந்தச் சுரப்பி சுரக்கும் தைராக்ஸின் என்ற நீர் மூளை வளர்வதற்கு இன்றியமையாதது. கருவில் இருக்கும் வரையில் தாயின் உடலிலிருந்து ஓரளவு கிடைத்துவிடும். ஆகையால் பிறந்தவுடன் குழந்தை பெரும்பாலும் நன்றாகவே காணப்படும். தொப்புள்கொடியை அறுத்தபின் குறை தொடங்கும். பிறந்த முதல் இரண்டு வாரத்துக்குள் தைராக்ஸின் மாத்திரையை நாள்தோறும் பொடி செய்து கொடுக்கத் தொடங்கினால் அந்தக் குழந்தை பெரும்பாலும் மற்றக் குழந்தைகளைப் போலவே படித்து வளரும். அந்தக் காலம் தவறினால் இழப்பு தொடங்கிவிடும்; பிறகு ஒவ்வொரு மாதமும் அதைக் கூட்டிக்கொண்டே போகும். மாத்திரை இழந்ததைத் திருப்பித் தராது. பிறவியில் வரும் மனவளர்ச்சிக் குறைகளில் முற்றிலும் தடுத்துவிடக்கூடிய மிகச் சிலவற்றுள் இது ஒன்று. நம் நாட்டில் சுமார் ஆயிரம் குழந்தைக்கு ஒன்றுக்கு இக்குறை இருப்பதாகக் கணக்கிடுகிறார்கள். ஆட்டின் தைராய்டிலிருந்து எடுத்த சாற்றைக் கொண்டு இக்குறையுள்ள பெரியவர் ஒருவரை இங்கிலாந்தில் ஜார்ஜ் மர்ரே என்ற டாக்டர் குணப்படுத்தியது 1891இல். நான் சிப்பிச் சுண்ணாம்பு கொடுத்துக்கொண்டிருந்தபோது இந்த மருந்துக்கு வயது நூற்றிரண்டு.

நூலில் கண்ட படம் பொய்யன்று. அதை எழுதியவர்கள், தைராய்டு குன்றிய குழந்தைகள் சிலரையும் கண்டுதான் எழுதியிருக்க வேண்டும் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. குறிகளைக் கண்ணாரக் கண்டு நுட்பமாக எழுதினார்கள். குறிகளுக்குக் காரணம் என்ன என்று உள்ளே புகுந்து பார்க்கவில்லை. காரணம் வேண்டுவதில்லை, குறிகளே போதும் என்பது அந்தச் சாத்திரத்தின் கொள்கை. நானும் அதையே செய்தேன்.

உருண்டையில் இருந்ததுதான் என்ன? இதைக் கணக்கெழுதியவன் என்ற முறையில் சொல்கிறேன். நூற்றில் ஒன்றாக முப்பது முறை கரைத்தால், ஒன்றுக்குப் பின்னால் அறுபது சுழி போட்ட எண்ணில் ஒரு பங்குதான் மருந்து. பொருள்களின் மூலக்கூறுகளை எண்ணும் கணக்குப்படி, பன்னிரண்டாம் முறை கரைக்கும்போதே மருந்தின் கடைசி மூலக்கூறும் போய்விடுகிறது. முப்பதாம் வீரியத்தில் ஒரு மூலக்கூறு உள்ளே போவது உறுதியாக வேண்டுமென்றால் நம் பூமியைவிடப் பன்மடங்கு பெரிய நீர்க்கோளத்தைக் குடிக்க வேண்டும். நான் கொடுத்ததோ இருநூறாம் வீரியம்! பெட்டியிலிருந்த அறுபது புட்டிகளிலும் பெயர்தான் வெவ்வேறு. பொருள் பெரும்பாலும் ஒன்றே. கரும்புச் சர்க்கரை.

கணக்கை விட்டுப் பயனைப் பார்த்தாலும் இதே விடைதான். 2005இல் ‘லான்செட்’ என்ற மருத்துவ ஏட்டில், ஓமியோபதிச் சோதனைகள் 110ஐயும் நவீன வைத்தியச் சோதனைகள் 110ஐயும் ஒப்பிட்ட ஆராய்ச்சி வந்தது. சோதனை எவ்வளவுக்குப் பெரியதாகவும் கவனமாகவும் நடந்ததோ அவ்வளவுக்கு உருண்டையின் பயன் வெறும் சர்க்கரையின் பயனோடு ஒன்றாகப் போயிற்று. ஆஸ்திரேலிய அரசின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 176 ஆராய்ச்சிகளைப் பார்த்துவிட்டு, எந்த நோய்க்கும் இது பயன்படும் என்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை என்று 2015இல் அறிவித்தது. தீங்காவது இல்லையே என்று எண்ணவும் முடியாது. குறைவாகக் கரைத்த சிலவற்றில் நஞ்சும் இருக்கலாம். பல் முளைக்கும் குழந்தைகளுக்கென்று விற்ற பெல்லடோனா மாத்திரைகளைக் கொடுக்க வேண்டாம் என்று அமெரிக்க மருந்துத் துறை 2016இல் பெற்றோரை எச்சரிக்க நேர்ந்தது.

தைராய்டுக் குறைக்கு மாத்திரையாவது இருக்கிறது. மாத்திரையே இல்லாத குறைகளுக்கு என்ன செய்வது? அங்கேதான் உருண்டைக்கு வரவேற்பு அதிகம். வடபழனியில் என் உறவினர் வீட்டில் ஒரு பெண் குழந்தை. ஒன்றரை வயது வரை நன்றாக வளர்ந்து, நாலைந்து சொற்கள் பேசி, பிறகு ஒவ்வொன்றாக மறந்துவிட்டது. பொம்மையைப் பிடித்த கைகள், துணி பிழிவதுபோல் ஓயாமல் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டிருந்தன. இதற்கு ரெட் குறைபாடு என்று பெயர். வியன்னாவில் ஆந்திரேயாஸ் ரெட் என்ற டாக்டர் 1954ஆம் ஆண்டு ஒருநாள், தம் மருத்துவமனையில் காத்திருந்த இரண்டு தாய்மாரின் மடியிலிருந்த சிறுமியர் இருவரும் ஒரே விதமாகக் கைகளை முறுக்குவதைக் கண்டார். 1966இல் அதைப்பற்றி எழுதினார். இன்ன மரபணுவின் பழுதினால் இது வருகிறதென்று 1999இல் தெரிந்தது. ஏறக்குறைய பதினாயிரம் பெண் குழந்தைகளில் ஒன்றுக்கு வருவது.

என் உறவினர்கள் ஓமியோபதி வைத்தியர் ஒருவரிடம் போனார்கள். ஓராண்டில் குழந்தை அமைதியடைந்தது, அழுகை குறைந்தது, தாயின் முகத்தைக் கண்ணெடுத்துப் பார்க்கத் தொடங்கியது. வீட்டில் ஒரே மகிழ்ச்சி. என்னிடம் வந்து சொன்னார்கள். நான் என்ன சொல்வேன்? இந்தக் குறையின் போக்கே அப்படித்தான். முதலில் விரைவாகச் சரியும். பிறகு சில ஆண்டுகள் ஓரிடத்தில் நிற்கும். அப்போது குழந்தை ஓரளவு தெளிந்து காணும். சரியும் காலத்தில் தொடங்கிய எந்த மருந்துக்கும், நிற்கும் காலத்தில் புகழ் வந்து சேரும். டவுன் குறைபாடுள்ள குழந்தை நேரம் கழித்தாவது நடக்கும், பேசும்; உருண்டை தின்றாலும் நடக்கும், தின்னாவிட்டாலும் நடக்கும். இதை விளக்கிச் சொல்லி அந்தத் தாயின் மகிழ்ச்சியை நான் கலைக்கவில்லை. வலிப்புக்கு டாக்டர் கொடுத்த மருந்தை ஒருவேளைகூட நிறுத்தாதே அம்மா என்பதை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னேன். “அந்த டாக்டர் இதை நிறுத்தச் சொல்லவில்லை மாமா” என்றாள். நல்ல வைத்தியர் போலும். எல்லோரும் அப்படி இல்லை.

பெற்றோர் ஏன் இங்கே போகிறார்கள் என்பதைப் பரிகாசமின்றி எண்ணிப் பார்க்க வேண்டும். முதற்காரணம் அச்சம். அந்த அச்சத்துக்கும் அடிப்படை உண்டு. 1957இல் மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த தாலிடோமைடு என்ற மருந்தை உட்கொண்ட கர்ப்பிணிகளுக்கு, கையும் காலும் குறுகிய குழந்தைகள் ஆயிரக்கணக்கில் பிறந்தன. 1961இல்தான் அதை நிறுத்தினார்கள். இரண்டாவது காரணம் இன்னும் பெரியது. பெரிய மருத்துவமனையில் நீண்ட வரிசையில் நின்று, டாக்டரின் எதிரே ஐந்து நிமிடம் உட்கார்ந்து, “இதற்கு மருந்து இல்லை” என்ற மூன்று சொற்களைக் கேட்டு வெளியே வருகிறாள் தாய். உருண்டை கொடுப்பவரோ ஒரு மணி நேரம் கேட்கிறார். கர்ப்பத்தில் என்ன கனவு கண்டாய், குழந்தைக்கு எந்தப் பக்கம் படுத்தால் தூக்கம் வரும், உப்புப் பிடிக்குமா புளிப்புப் பிடிக்குமா என்றெல்லாம் கேட்டு எழுதிக்கொள்கிறார். தன் குழந்தையைப்பற்றி முழுமையாகக் கேட்ட முதல் மனிதரை அவள் எப்படி விட்டுவிடுவாள்? மருந்து இல்லை என்பது வேறு. செய்வதற்கு ஒன்றுமில்லை என்பது வேறு. இந்த வேறுபாட்டைச் சொல்லிப் புரியவைக்கும் பத்து நிமிடம் பெரிய மருத்துவமனைகளில் கிடைக்குமானால் பாதிக் கூட்டம் அங்கேயே தங்கிவிடும்.

செய்வதற்கு நிறையவே இருக்கிறது. எங்கள் கோடம்பாக்கத்துக்குப் பக்கத்திலேயே, தியாகராய நகர் ஜி. என். செட்டி சாலையில் 1989இல் தொடங்கிய மதுரம் நாராயணன் மையத்தில், மனவளர்ச்சி குன்றிய சிறு குழந்தைகளுக்கு உடலசைவு, தன் வேலையைத் தானே செய்தல், பேச்சு, அறிவு, பழகுதல் ஆகியவற்றில் பயிற்சி தருகிறார்கள். தாயும் கூடவே இருந்து கற்றுக்கொள்கிறாள். முட்டுக்காட்டில் 2005 முதல் மத்திய அரசின் நிறுவனம் ஒன்று பல குறைகள் ஒருங்கே உள்ளவர்களுக்காக நடக்கிறது. 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தில் பிறவிக் குறைகளையும் வளர்ச்சித் தாமதத்தையும் கண்டு மேற்சிகிச்சைக்கு அனுப்ப ஏற்பாடு உண்டு. அரிய நோய்களுக்கென்று 2021இல் மத்திய அரசு ஒரு கொள்கையை வகுத்தது. அட்டவணையிலுள்ள நோய்களுக்குக் குறிப்பிட்ட மருத்துவமனைகளில் 50 இலட்சம் ரூபாய் வரை உதவி பெறலாம் என்று 2022இல் திருத்தினார்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு சொட்டு இரத்தம். குழந்தை பிறந்து இரண்டு நாள் ஆனபின், ஐந்து நாளுக்குள், குதிகாலில் ஊசி முனையால் குத்தி, தாளில் இரத்தத்தை ஒற்றி எடுத்துச் சோதித்தால் தைராய்டுக் குறை தெரிந்துவிடும். கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 1970களிலேயே எல்லாக் குழந்தைகளுக்கும் இதைச் செய்யத் தொடங்கினார்கள். நம் நாட்டில் எல்லாப் பிரசவ மருத்துவமனைகளிலும் இது தானாக நடப்பதில்லை. ஆகவே கேட்க வேண்டும். பிரசவத்துக்குப் பெண்ணை அழைத்துப்போகும் தாய்மாரே, தொட்டிலும் அரைஞாணும் வாங்கும்போதே இதையும் விசாரித்து வையுங்கள். சோதிக்காமல் விட்டிருந்தாலும், குழந்தை ஓயாமல் தூங்கினால், பாலை உறிஞ்சச் சோம்பினால், மஞ்சட்காமாலை இரண்டு வாரத்துக்கு மேலும் போகாவிட்டால், அழுகுரல் கரகரத்தால், அதைச் சாதுவான குழந்தை என்று மெச்சிக்கொண்டிராமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

ஆற்காடு சாலையில் போகும்போது சில பலகைகளைப் பார்க்கிறேன். பிறவிக் குறையை வேரோடு நீக்குவதாக எழுதியிருக்கிறது. வலிப்பு, செவிடு, பக்கவாதம் முதலியவற்றைத் தீர்ப்பதாக விளம்பரம் செய்யக் கூடாதென்று 1954ஆம் ஆண்டிலேயே சட்டம் செய்தாகிவிட்டது. பலகை எழுதுகிறவர்கள் அதைப் படிப்பதில்லை போலும்.

அந்தப் பையனுக்கு மாத்திரை தொடங்கிய சில வாரங்களில் நாக்கு உள்ளே போயிற்று, வீக்கம் வடிந்தது, பசித்தால் தெருவே கேட்கும்படி அழுதான். நடக்க இரண்டரை வயது ஆயிற்று. பேச நாலு வயது. எழுத்துக் கூட்டிப் படிப்பான்; கணக்கு வராது. இன்று முப்பது வயது கடந்துவிட்டான். மளிகைக் கடையில் பொட்டலம் கட்டுகிறான். விடியற்காலையில் வெறும் வயிற்றில் தாய் மாத்திரை கொடுத்த பிறகே வேலைக்குப் புறப்படுவான். பிறந்த மாதமே தொடங்கியிருந்தால் என்ன ஆகியிருப்பான் என்பதை நான் அவளிடம் ஒருநாளும் பேசியதில்லை. அவளும் பேசியதில்லை. எழும்பூரிலிருந்து திரும்பி வந்த அன்று, “நீங்கள் நல்லதுக்குத்தானே கொடுத்தீர்கள் சார்” என்றாள். அவள் வைதிருக்கலாம்.

அன்றிலிருந்து நான் யாருக்கும் மருந்து கொடுப்பதில்லை. பெட்டி மட்டும் அலமாரியில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் எங்கள் வீட்டுக்கு வருவான். பெட்டியை எடுத்துத் தரச் சொல்லுவான். புட்டிகளைத் துடைத்து வரிசையாக அடுக்குவான். பிறகு கையை நீட்டுவான். மருந்து ஏற்றாத வெறும் உருண்டைகள் ஒரு சீசாவில் வைத்திருக்கிறேன். நாலு கொடுப்பேன். தவறி ஐந்து விழுந்துவிட்டால் ஒன்றைத் திருப்பிக் கொடுத்துவிடுவான்.